ஓட்டுநர் இல்லாத வண்டியும் ஆடு கடக்கும் பத்து நிமிடமும்

2021ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை இரண்டு இடங்களில் ஒரு சோதனை நடத்தியது. வட கரோலினாவின் கடலோரத்தில், ரைட் சகோதரர்கள் முதன்முதலில் விமானம் பறக்கவிட்ட மணல்வெளியில் அமைந்த நினைவுப் பூங்காவில், ஓட்டுநர் இல்லாத சிறு மின்வண்டி ஒன்று பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. அது தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஜூன் மாதம், யெல்லோஸ்டோன் பூங்காவின் கேன்யன் வில்லேஜ் பகுதியில் அதே வகையான வண்டிகள் இறங்கின. யெல்லோஸ்டோன் சோதனைக்கு 'டெடி' என்று செல்லப்பெயர் சூட்டியிருந்தார்கள். முகாம் தளம், தங்கும் விடுதிகள், வரவேற்பு மையம் ஆகியவற்றுக்கு இடையே ஆகஸ்ட் முடிய ஓடிய அந்த வண்டிகளில் பத்தாயிரம் பேருக்கு மேல் பயணம் செய்தார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் யெல்லோஸ்டோனுக்கு வந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஒரே மாதத்தில் அந்த எண்ணிக்கையை அந்தப் பூங்கா எட்டியது அதுவே முதல் முறை. அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ வந்தவர்கள். அந்த வெள்ளத்துக்கு முன்னால் பத்தாயிரம் என்பது ஒன்றுமில்லை. சோதனையை நடத்தியவர்களும் அதைத் தீர்வு என்று சொல்லவில்லை, கற்றுக்கொள்ளவே ஓட்டினார்கள். என்ன கற்றார்கள், அதை வைத்து எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் அக்கறை. வண்டியைத் தானே ஓட்டும் இயந்திரம் செய்ய முடியுமா என்பதை எல்லோரும் விவாதிக்கிறார்கள். காட்டுக்கு அந்த வண்டியால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி அந்த விவாதத்தில் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

பூங்காக்களைக் காரிடம் ஒப்படைத்தது ஒரே நாளில் நடந்ததல்ல. யெல்லோஸ்டோனுக்குள் 1915 ஆகஸ்டில்தான் கார்கள் அனுமதிக்கப்பட்டன. அதுவரை குதிரை வண்டிதான். 1956இல் தொடங்கிய 'மிஷன் 66' என்ற பத்தாண்டுத் திட்டம் பூங்காக்களில் சாலைகளையும் வாகன நிறுத்தங்களையும் வரவேற்பு மையங்களையும் பெருக்கியது. 1968இல் எட்வர்ட் ஆபி தம் 'டெசர்ட் சாலிட்டேர்' நூலில் தேசியப் பூங்காக்களில் கார்களையே தடைசெய்ய வேண்டும் என்று வாதிட்டபோது அது கோபக்காரர் ஒருவரின் குரலாகவே பட்டது. ஆனால் இரண்டே ஆண்டில் யோசெமிட்டி பள்ளத்தாக்கின் கிழக்கு முனை கார்களுக்கு மூடப்பட்டு இலவசப் பேருந்து ஓடத் தொடங்கியது. 1972இல் அலாஸ்காவின் டெனாலியும் அந்த வழிக்கு வந்தது. புதிய நெடுஞ்சாலை ஒன்று பூங்கா வாசல்வரை வந்துசேர்ந்துவிட்டதால், உள்ளே செல்லும் 148 கி.மீ. சாலையில் முதல் 24 கி.மீ.க்கு அப்பால் தனியார் கார்கள் போகக் கூடாது என்று முன்கூட்டியே அணை போட்டார்கள். கூட்டம் பெருகிய பிறகு ஒழுங்கு செய்வது வழக்கம். பெருகும் முன்பே செய்தது டெனாலி.

யூட்டா மாநிலத்தின் ஸயான் பூங்காவுக்கு அந்த முன்யோசனை வாய்க்கவில்லை. ஏறத்தாழ 600 மீட்டர் உயரச் செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே வர்ஜின் ஆறு ஓடும் குறுகிய பள்ளத்தாக்கு அது. உள்ளே போவதும் வருவதும் ஒரே சாலை, பத்து கி.மீ. நீளம். 1990களின் கடைசியில் கோடை நாள் ஒன்றுக்கு ஐயாயிரம் கார்கள் வரை அந்தச் சாலையில் நுழைந்தன. உள்ளே நிறுத்த இடமோ 450 கார்களுக்குத்தான். மிச்சம் வந்தவர்கள் ஓரத்துப் புல்லில் ஏற்றி நிறுத்தினார்கள், இடம் தேடிச் சுற்றினார்கள், இயந்திரத்தை அணைக்காமல் காத்திருந்தார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் பள்ளத்தாக்குச் சாலை பருவகாலத்தில் தனியார் கார்களுக்கு மூடப்பட்டது. புரோப்பேன் வாயுவில் ஓடும் பேருந்துகள் சில நிமிடங்களுக்கு ஒன்று, கட்டணமின்றி ஓடின. பூங்கா வாசலை ஒட்டிய ஸ்பிரிங்டேல் ஊருக்குள்ளும் ஒரு வழித்தடம் போட்டார்கள். பயணி தன் காரை விடுதியிலேயே விட்டுவிட்டு நடந்து வந்து ஏறிக்கொள்ளலாம்.

இந்தத் திட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது அந்த ஊர் வழித்தடத்தைத்தான். பூங்காவுக்குள் பேருந்து விட்டு வாசலில் மாபெரும் வாகன நிறுத்தம் கட்டியிருந்தால் நெரிசல் ஒரு மைல் கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். ஐந்நூறு, அறுநூறு பேர் வாழும் சிற்றூரின் விடுதிகளும் கடைகளும் ஏற்கெனவே வைத்திருந்த நிறுத்துமிடங்களைக் கணக்கில் சேர்த்ததால் புதிதாக நிலம் அழிக்க வேண்டிய தேவை குறைந்தது.

பழைய பேருந்துகள் ஓடி ஓடித் தேய்ந்தன. 2024இல் ஸயான் தன் பேருந்துகள் முழுவதையும் மின்சாரத்துக்கு மாற்றிமுடித்தது: 30 மின்பேருந்துகள், 27 மின்னேற்றி நிலையங்கள், 3.3 கோடி டாலர் நிதி. யூட்டாவின் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு இன்னும் பெரியது என்பதால், புகை முழுவதும் மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பள்ளத்தாக்கை விட்டு வெளியேறியது என்று சொல்லலாம். ஆனால் பாறைச் சுவர்களுக்குள் எதிரொலிக்கும் இரைச்சல் குறைந்தது உண்மையான ஆதாயம். இங்கே வேகமும் முக்கியம். கார்களில் மணிக்கு முப்பது நாற்பது கி.மீ.க்கு மேல் போனால் இயந்திர ஒலியை விட டயர் தரையில் உரசும் ஒலியே மேலோங்கும். மின்வண்டி என்றாலும் அதே கதைதான். மெதுவாகப் போனால்தான் மின்வண்டியின் அமைதி காட்டுக்குக் கிடைக்கும். (அமெரிக்க விதிப்படி சிறிய மின்வாகனங்கள் 30 கி.மீ. வேகம் வரை செயற்கையாக ஒலி எழுப்பியாக வேண்டும். பார்வையற்றவர்களின் பாதுகாப்புக்கான விதி அது. நகரத்துக்கு நியாயமான இந்த விதியைக் காட்டுச் சாலைக்கு எப்படிப் பொருத்துவது என்பதைத் தனியே யோசிக்க வேண்டும்.)

இதுவரை சொன்னது ஸயானின் வெற்றி. மறுபக்கமும் உண்டு. 2000இல் சுமார் 24 லட்சமாக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை 2021இல் 50 லட்சத்தைத் தாண்டியது. இந்தப் பெருக்கத்துக்குப் பேருந்துதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. சமூக ஊடகப் படங்கள், பெருந்தொற்றுக்குப் பிந்திய பயண வேட்கை என்று பல காரணங்கள். ஆனால் 450 கார் நிறுத்தம் என்பது தன்னையறியாமல் ஒரு வரம்பாக இருந்தது. இடமில்லை என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. பேருந்து அந்த வரம்பை நீக்கிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே மூச்சில் ஐம்பது அறுபது பேர் இறங்குவார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஒரே ஒற்றையடிப் பாதையில் ஏறுவார்கள். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்தான பாறை முனைக்குச் சங்கிலியைப் பிடித்து ஏறும் பாதையில் நெரிசல் ஆபத்தாகி, 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு கொடுக்க வேண்டியதாயிற்று. சாலையில் தீர்த்த சிக்கல் நடைபாதையில் முளைத்தது.

ஆழமான எச்சரிக்கை ஒன்றும் அதே பள்ளத்தாக்கிலிருந்தே வந்தது. ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரிப்பிள், ராபர்ட் பெஷ்டா இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் குவியும் ஸயான் பள்ளத்தாக்கையும் அதே பூங்காவில் ஆள்நடமாட்டம் அரிதான நார்த் கிரீக் பகுதியையும் ஒப்பிட்டார்கள். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் பள்ளத்தாக்கில் மனிதக் கூட்டம் பெருகியபோது பூமாக்கள் விலகிப் போயின. வேட்டையாடும் விலங்கு இல்லாததால் மான்கள் பெருகின. மான்கள் காட்டன்வுட் மரத்தின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. புதிய மரங்கள் எழாமல் ஆற்றங்கரை அரிக்கப்பட்டது. காட்டுப்பூ, தவளை, பல்லி, பட்டாம்பூச்சி வரை அதன் பாதிப்பு இறங்கியது. நார்த் கிரீக்கில் பூமாவும் இருந்தது, இளமரங்களும் இருந்தன. இந்த வரிசையின் முதல் கண்ணி காரின் புகையோ இரைச்சலோ அல்ல, மனிதர்களின் எண்ணிக்கை. அவர்கள் எந்த வண்டியில் வந்தார்கள் என்பதைப் பூமா பார்ப்பதில்லை. போக்குவரத்தைப் பசுமையாக்குவதும் பூங்காவைக் காப்பதும் வேறு வேறு வேலைகள் என்று எனக்கு உறைத்தது இந்த ஆய்வைப் படித்தபோதுதான்.

இந்தப் பின்னணியில் தானியங்கி வண்டிக்கு வருவோம். 2021 சோதனைகளில் ஓடிய வகை வண்டி, தன் பாதையை முன்கூட்டியே கற்றுக்கொண்டு ஓடுவது. லைடார் எனப்படும் லேசர் கண்கள் சுற்றுப்புறத்தை அளந்து, ஏற்கெனவே பதிந்துவைத்த வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். கூடவே செயற்கைக்கோள் குறிப்பு. அதைச் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தும் தகவல் கைபேசி வலையமைப்பின் வழியாக வந்தாக வேண்டும். நகரத்தில் இவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. காட்டில் ஒவ்வொன்றும் கேள்விக்குறி. கைபேசி அலை எட்டாத இடங்கள் ஏராளம். அடர்ந்த மரக்கூரையும் உயர்ந்த பாறைச் சுவரும் செயற்கைக்கோள் அலையை மறைக்கும் அல்லது எதிரொலித்துத் தவறான இடத்தைக் காட்டும். திறந்த புல்வெளியிலோ வேறு சிக்கல்: லேசர் கண் பற்றிக்கொள்ளக் கட்டடமோ கம்பமோ இல்லை. ஏப்ரலில் வரைபடம் எடுத்தபோது கணுக்கால் உயரமிருந்த புல், ஜூனில் இடுப்பளவு வளர்ந்து காற்றில் சாலைப்பக்கம் சாய்ந்தால் அதையும் தடை என்றெண்ணி வண்டி நிற்கும்.

நிற்பது பாதுகாப்புதானே என்று தோன்றும். 2020 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், ஈஸிமைல் நிறுவனத்தின் இதே ரக வண்டி மணிக்கு சுமார் 11 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்து திடீரென நின்றதில் ஒரு பயணி இருக்கையிலிருந்து கீழே விழுந்தார். உடனே பத்து மாநிலங்களில் ஓடிய 16 வண்டிகளில் பயணிகளை ஏற்றுவதை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் நிறுத்திவைத்தது; இருக்கைப் பட்டைகள் பொருத்திய பிறகே அவை மறுபடி ஓடின. மெதுவாகப் போகும் வண்டியிலும் முரட்டு நிறுத்தம் ஆளைச் சாய்க்கும். பூங்காச் சோதனைகளிலும் வண்டிக்குள் எப்போதும் ஒரு பணியாளர் இருந்தார். ஓட்டுநர் இல்லாத வண்டியில் சம்பளம் வாங்கும் ஆள் குறையவில்லை. அவருடைய வேலைதான் மாறியது.

இயந்திரத்தின் குறைகள் நாளடைவில் தீரக்கூடியவை. தீரும் என்றே நான் நம்புகிறேன். காட்டில் ஓட்டுநர் என்பவர் என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வி அப்படிக் கரைந்துவிடாது. யெல்லோஸ்டோனில் கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர், மற்ற விலங்குகளுக்கு 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. சாலையின் இடப்பக்கம் ஒரு கிரிஸ்லி தாய்க்கரடி, வலப்பக்கப் புதரில் குட்டி என்று வைத்துக்கொள்வோம். லேசர் கண்ணுக்குச் சாலை காலியாகத்தான் தெரியும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே வண்டியை விடக் கூடாது என்பது அந்தச் சாலையில் பல கோடைகள் ஓட்டியவருக்குத் தெரியும். டெனாலியில் இந்த அறிவு வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. அங்கே பேருந்தில் ஏறுகிறவர்களிடம், ஏதாவது விலங்கு கண்ணில் பட்டால் உரக்கச் சொல்லுங்கள், நிறுத்துகிறேன் என்பார் ஓட்டுநர். யாராவது "நிறுத்துங்கள்!" என்றதும் பேருந்து மெல்ல ஓரங்கட்டும். பேசாதீர்கள், கையையும் தலையையும் சன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள் என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, தூரத்துச் சரிவில் நகரும் பழுப்புப் புள்ளி கரடியா பாறையா என்று விளக்குவார். நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே திசையைப் பார்ப்பார்கள். பயணிகளின் நடத்தையை இப்படி வழிநடத்துவது போக்குவரத்தைத் தாண்டிய பணி.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பூங்காப் பேருந்துகளை நடத்துவதில் பெருஞ்செலவு ஆள்செலவு. அதைவிடப் பெரிய இடர், பருவகாலத்துக்கு மட்டும் வரும் ஓட்டுநர்களைத் தேடிப்பிடித்து, வீட்டு வாடகை எகிறிப்போன சுற்றுலா ஊர்களில் தங்கவைப்பது. ஆளில்லாததால் வழித்தடத்தைச் சுருக்குவதும், கூட்டம் குறைந்த மாதங்களில் நிறுத்திவிடுவதும் நடக்கின்றன. நிறுத்திய மறுநாளே கார்கள் திரும்பிவிடுகின்றன. விடுதியிலிருந்து வரவேற்பு மையத்துக்கு, தொலைவு நிறுத்தத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு என்று ஒரே தடத்தில் மெதுவாக ஓடும் குறுந்தூர இணைப்புகளை இயந்திரத்திடம் விட்டுவிட்டு, கிடைக்கும் ஓட்டுநர்களைக் காட்டுச் சாலைக்கு ஒதுக்கலாம். டெடி ஓடியதும் அத்தகைய தடத்தில்தான், இடத்தேர்வு சரியே. ஆனால் அந்த வண்டியைச் செய்த லோக்கல் மோட்டார்ஸ் நிறுவனம் 2022 ஜனவரியில் மூடப்பட்டது. இதே வகை வண்டிகளைச் செய்த பிரான்சின் நவ்யா நிறுவனம் 2023இல் நொடித்துக் கைமாறியது. முப்பது ஆண்டுக்குத் திட்டமிடும் ஒரு பூங்கா, எப்போது மூடப்படும் என்று தெரியாத நிறுவனங்களின் வண்டியை நம்பித் தன் சாலையை அமைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஓட்டுநர் இல்லாத வண்டி காட்டுக்குப் புதிதும் அல்ல. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் அருகே, உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள மழைக்காட்டின் மேல் 1995 முதல் ஓடும் ஸ்கைரெயில் கம்பிவட ஊர்தி 7.5 கி.மீ. நீளமானது, பெட்டியில் ஓட்டுநர் கிடையாது. அதைக் கட்டியபோது காட்டுக்குள் சாலை போடவில்லை. கோபுரத் தளவாடங்களை ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். தொழிலாளர்கள் நடந்தே போனார்கள். லேசரும் வேண்டாம், கைபேசி அலையும் வேண்டாம். எத்தனை பெட்டி தொங்குகிறதோ அத்தனை பேர்தான் போக முடியும். இதை எல்லா மலைக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கம்பிவடம் மலைமுகட்டின் தோற்றத்தையே மாற்றிவிடும். ஆனால் தானியங்கி என்றதும் கணினி மூளை கொண்ட வண்டியை மட்டும் நினைப்பது பார்வையைக் குறுக்கிவிடுகிறது.

நம் ஊரிலும் இதே கணக்கு வாசலுக்கு வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் ஆறாயிரம் வாகனங்கள், வார இறுதியில் எட்டாயிரம் என்று வரம்பு விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. காரைத்தான் எண்ணுகிறோம், ஆளை அல்ல என்ற தெளிவு இந்த விலக்கில் இருக்கிறது. கார் குறைந்த இடத்தைப் பேருந்து நிரப்பும்போது ஆட்களை எண்ணாவிட்டால் ஏஞ்சல்ஸ் லேண்டிங் சிக்கல் தொட்டபெட்டாவிலும் வரும்.

தானியங்கி நுட்பத்துக்குக் காட்டில் உண்மையான வேலை ஒன்று உண்டென்றால், அதற்கான தடயம் மறுபடியும் டெனாலியில்தான் கிடைக்கிறது. அங்கே 1986இல் பருவம் ஒன்றுக்கு 10,512 வாகனப் பயணங்கள் என்று மொத்த வரம்பு வைத்திருந்தார்கள். அந்த எண் எளிமையானது. ஆனால் விலங்குக்கு அது எதையும் சொல்லவில்லை. எனவே ஆய்வாளர்கள் கிரிஸ்லி கரடிகளுக்கும் டால் எனப்படும் வெள்ளை மலையாடுகளுக்கும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை கட்டினார்கள். பேருந்துகளிலும் ஜிபிஎஸ் பொருத்தினார்கள். இரண்டு தடங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். மலையாடுகள் குளிர்கால மேய்ச்சலுக்கும் கோடை மேய்ச்சலுக்கும் இடையே போய்வரச் சாலையைக் கடந்தாக வேண்டும். வண்டிகள் விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தால் அவை சரிவிலேயே தயங்கி நின்றுவிடும். கடக்க அவற்றுக்கு வேண்டியது நீண்ட, தொடர்ச்சியான அமைதி. 2012இல் வந்த வாகன மேலாண்மைத் திட்டம் நாளொன்றுக்கு 160 வாகனம் என்று வரம்பை மாற்றியதோடு, ஆடுகள் கடக்கும் இடங்களில் ஒவ்வொரு மணி நேரத்திலும் குறைந்தது பத்து நிமிடம் ஒரு வண்டியும் வராத இடைவெளி இருக்கிறதா என்று அளக்கத் தொடங்கியது.

பத்து நிமிட இடைவெளியைக் காப்பது மனித ஓட்டுநருக்குக் கடினம். வழியில் கரடி தெரிந்தால் ஒருவர் நிற்பார், பின்னால் வருபவர் நெருங்கிவிடுவார், இடைவெளி தொலையும். 148 கி.மீ. நீளச் சாலையில் எந்தப் பேருந்து எங்கே நிற்கிறது, அடுத்த கடவை எத்தனை நிமிடமாகக் காலியாக இருக்கிறது, பின்னால் வரும் மூன்று பேருந்துகளை எங்கே நிறுத்திவைத்துச் சேர்த்து அனுப்புவது என்று நொடிக்கு நொடி கணக்குப் போட்டு ஓட்டுநரிடம் சொல்வது இயந்திரத்துக்கு இயல்பான வேலை. ஸ்டியரிங்கில் மனிதரும் கால அட்டவணையில் இயந்திரமும் இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு லேசர் கண் தேவையில்லை. சென்டிமீட்டர் துல்லியமும் தேவையில்லை. பேருந்தின் இருப்பிடத்தைச் சில நூறு மீட்டருக்குள் சொல்லும் கருவியும், கைபேசி அலை இல்லாத இடத்தில் வானொலித் தொடர்பும் போதும். இன்றே செய்யக்கூடியது.

ஆனால் டெனாலிச் சாலை 2021 ஆகஸ்டிலிருந்து பாதியில் துண்டிக்கப்பட்டுக் கிடக்கிறது. உறைபனி மண் இளகி, பிரிட்டி ராக்ஸ் என்ற இடத்தில் மலைச்சரிவு சாலையோடு வழுக்கிக்கொண்டே போனதால் 69ஆவது கி.மீ.க்கு அருகே போக்குவரத்தை நிறுத்திப் பாலம் கட்டும் பணியில் இறங்கினார்கள். பேருந்து போகாத அந்த மேற்குப் பாதியில் ஆடுகள் எப்படிக் கடக்கின்றன என்று அளக்க இப்படியொரு வாய்ப்பு இனி எளிதில் அமையாது. பாலம் திறந்து பேருந்துகள் திரும்பும்போது அட்டவணையை எந்த அளவில் தொடங்குவது என்பதற்கு அந்தத் தரவுதான் அடிப்படையாக வேண்டும். அடுத்த தானியங்கிச் சோதனைக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் எத்தனை பயணிகள் ஏறினார்கள் என்பதோடு, ஒரு மணி நேரத்தில் சாலை எத்தனை நிமிடம் காலியாக இருந்தது என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்தில் கேட்டு வாங்க வேண்டும்.